தலைவரைத் தெரிவு செய்தது யார்?
(ஊவாத் தோட்டங்களின் கதை – 14)

பதுளை நகரை அடுத்துள்ள வெவஸ்ஸ தோட்டத்தில் 1940 ஆம் ஆண்டு நடந்த வேலைநிறுத்தத்தை நமது வரலாற்று நூல்கள் ஒரு பந்தியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகின்றன. ஊவாவின் அரசியலை எழுத வருபவர்கள் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். சமசமாஜக் கட்சியினரின் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சங்கம் நடத்திய போராட்டம் அது. அதன் உச்சத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் வாக்களித்து ஒரு சபையை அமைத்துக்கொண்டார்கள். அந்தச் சபையைக் கலந்துகொண்டே தோட்டத்தை நடத்துவதாகத் துரை ஒப்புக்கொண்டார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரின் துப்பாக்கிகளைத் தொழிலாளர்கள் பறித்து வைத்தார்கள். பெருமழை வந்து வெள்ளம் ஊவாவை நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் துண்டித்தது. பொலிஸ் அடக்குமுறையும் அந்த வெள்ளமும் சேர்ந்துதான் போராட்டத்தை முடித்தன. அதே ஆண்டு ஜூனில் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா ஆகியோரை வெள்ளை அரசாங்கம் சிறையில் அடைத்தது.

அந்தச் சபை நிலைக்கவில்லை. ஆனாலும் ஊவாத் தோட்டத்து மக்கள் தங்கள் தலைவர்களைத் தாங்களே கைதூக்கித் தெரிவு செய்த வரலாறு அங்கிருந்தே ஆரம்பமாகிறது. அந்தக் கை பின்னர் எப்படிப் படிப்படியாகக் கீழிறக்கப்பட்டது என்பதே இவ்வாரத்துக் கதை.

இந்தக் கதையை நான் நின்று பார்க்கும் லுணுகலையை அறியாத வாசகருக்கு அதன் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறேன். பேராதனையில் புறப்பட்டுப் பதுளையைத் தொட்டுச் செங்கலடிக்குப் போகும் ஏ5 வீதியில், பசறை தாண்டிப் பிபிலைக்கு இறங்குமுன் வரும் சிறு நகரம் அது. ரயில் 1924 இல் பதுளையோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் மடுல்சீமை, ஹொப்டன், அடாவத்தை, சோலண்ட்ஸ் எங்கும் வீதியே கதி. நுவரெலியாவும் ஹட்டனும் மலையக அரசியலின் தலைவாசல் என்றால் இந்தப் பக்கம் அதன் பின்கட்டு. தொழிற்சங்கங்களின் தலைமைக் காரியாலயங்கள் கொழும்பிலும் ஹட்டன், கொட்டகலைப் பக்கத்திலும் இருந்தன. சங்கத்தின் பெரியவர்கள் லுணுகலைக்கு வருவது தேர்தலுக்கோ சாவுக்கோ என்று இங்குள்ளவர்கள் குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஒரு கட்சி தன் தலைவர்களை எப்படித் தெரிவு செய்கிறது என்பதைத் தலைவாசலில் நின்று பார்ப்பதற்கும் இங்கிருந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அதனாலேயே இந்த அத்தியாயத்தை லுணுகலையிலிருந்து எழுதுகிறேன்.

1939 ஜூலையில் ஜவகர்லால் நேரு இலங்கை வந்தார். அவருடைய முன்முயற்சியில் அம்மாதம் 25 ஆம் திகதி இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கக் கிளை அமைந்தது. அதுவே 1950 இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் பெற்றது. ஆரம்ப காலத்துத் தலைமையில் இருந்தவர்களைப் பாருங்கள். லட்சுமணன் செட்டியார் வணிகர். பெரி சுந்தரம் சட்டத்தரணி, அரசாங்க சபையில் 1931 முதல் 1936 வரை தொழில் அமைச்சராக இருந்தவர். அப்துல் அஸீஸ் கொழும்பின் வர்த்தகச் சூழலிலிருந்து வந்தவர். 1945 இல் தலைவரான சௌமியமூர்த்தி தொண்டமான் இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்துக்குச் சொந்தக்காரரின் மகன். கொழுந்துக் கூடை சுமந்தவர்கள் அந்த வரிசையில் இல்லை. அதை ஒரு குற்றச்சாட்டாக நான் சொல்லவில்லை. துரைமாரோடும் தேசாதிபதியோடும் ஆங்கிலத்தில் வாதாட ஆட்கள் தேவைப்பட்ட காலம் அது. தோட்டப் பள்ளிக்கூடமோ ஐந்தாம் வகுப்பைத் தாண்டாது.

ஆனால் அன்றைய தலைமைக்கு ஓர் உயிர் இருந்தது. தலைமைப் பதவி கை மாறியது. மாநாடுகளில் பேராளர்கள் கூடினார்கள், அணி பிரிந்து மோதினார்கள், தோற்றவர் அடுத்த மாநாட்டுக்கு ஆயத்தமானார். அஸீஸுக்கும் தொண்டமானுக்கும் இடையிலான போட்டி பத்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இடதுசாரிச் சாய்வு ஒருவருக்கு, பேச்சுவார்த்தை வழி மற்றவருக்கு என்று அதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். ஆளுக்கு ஆள் போட்டியும் அதில் நிறையவே இருந்தது. 1956 இல் அஸீஸ் தனியாக ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார். தோட்டத்துக்குத் தோட்டம், சில இடங்களில் லயத்துக்கு லயம், சங்கம் இரண்டாயிற்று. பிளவு தொழிலாளரைப் பலவீனப்படுத்தியது என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், உண்மைதான். அதைவிட நீண்ட விளைவு வேறொன்று: தலைமைக்குப் போட்டியிடக்கூடியவர் வெளியே போய்விட்டதால், 1956 முதல் 1999 இல் கண் மூடும்வரை தொண்டமானின் தலைமையை உள்ளே நின்று கேள்விக்கு உட்படுத்தும் பலம் எவருக்கும் வரவில்லை.

பதுளை மாவட்டம் இந்தக் கதைக்குள் வருவது 1947 பொதுத்தேர்தலில். அன்று பதுளை இரட்டை அங்கத்தவர் தொகுதி. அதன் இரு ஆசனங்களில் ஒன்றை இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையா வென்றார். காங்கிரஸ் நாடெங்கும் வென்றது ஏழு ஆசனங்கள். அந்த ஏழில் ஒன்று ஊவாவில் கிடைத்தது. அவரை அனுப்பியவர்கள் தோட்டத்து வாக்காளர்கள். அடுத்த இரண்டே ஆண்டுகளில் அந்த வாக்காளர்கள் காணாமல் போனார்கள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949 இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டமும், அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் சேர்ந்து அவர்களுடைய பெயர்களை இடாப்பிலிருந்து துடைத்தன. 1952 இல் சத்தியாக்கிரகம் நடந்தது. அதே ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. சுப்பையாவின் ஆசனத்துக்குப் பின்னால் வந்திருக்க வேண்டிய ஒரு தலைமுறை ஊவா அரசியல்வாதிகள் பிறக்காமலே போனார்கள்.

அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பெரும்பாலான தோட்டத்து மக்களுக்கு இந்த நாட்டில் வாக்களிக்க எஞ்சியிருந்த ஒரே இடம் அவர்களுடைய சங்கம்.

இதை நின்று யோசிக்க வேண்டும். பிரதமரைத் தெரிவு செய்ய முடியாது. கிராமச் சங்கத்துக்குக்கூட ஓர் ஆளை அனுப்ப முடியாது. ஆனால் தோட்டக் கமிட்டி என்று ஒன்று இருந்தது. டிவிசனில் உள்ள சங்கத்தார் கோயிலடியில் கூடுவார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், மாதர் சங்கத் தலைவி என்று பெயர்கள் முன்மொழியப்படும், கைகள் உயரும். பெரிய கங்காணியின் ஆதிக்கம் மங்கிய இடத்தில் இந்தத் தோட்டத் தலைவர் வந்து நின்றார். கங்காணியை நியமித்தது துரை. தலைவரை நியமித்தது லயம். அரைப் பேர் போட்டுவிட்டார்கள் என்றால் பெரட்டுக் களத்தில் முதலில் குரல் எழுப்ப வேண்டியவர் அவர். மடுவத்தில் நிறை குறைந்தால், பிள்ளைப்பேற்றுக்கு லொறி கிடைக்காவிட்டால், கூரைத் தகரம் பறந்தால், ஒபீஸ் வாசலில் போய் நிற்பவர் அவர். கேட்கத் துணியாதவரை அடுத்த கூட்டத்தில் மாற்றினார்கள். கேட்டுக் கேட்டே வேலை இழந்தவர்களும் இருந்தார்கள். ஜனநாயகம் என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் படித்திராத மக்கள் அதை இப்படித்தான் பழகினார்கள்.

கமிட்டிக்கு மேலே மாவட்டம், மாவட்டத்துக்கு மேலே தேசிய சபை, அதன் உச்சியில் தலைவரும் பொதுச் செயலாளரும் என்று படிகள் இருந்தன. சந்தாவோ ஒவ்வொருவருடைய சம்பளத்திலிருந்தும் மாதம் தவறாமல் பிடிக்கப்பட்டு மேலே போயிற்று. அடியில் தேர்தல் உயிரோடு இருந்தது, உச்சியில் தொண்டமான் அசையாமல் இருந்தார். நடுவில் உள்ள மாவட்டப் படியில்தான் சிக்கல். மாவட்டப் பிரதிநிதி சங்கத்தின் சம்பளக்காரர். அவரை அனுப்பியதும் மாற்றியதும் தலைமைக் காரியாலயம். லுணுகலைத் தோட்டத் தலைவர்கள் பத்துப் பேர் சேர்ந்தாலும் பதுளைக்கு யார் வர வேண்டும் என்று தீர்மானிக்க முடியாது.

தொண்டமானின் அரசியல் சாதனைகளை இத்தொடரில் முன்பே விரிவாக எழுதிவிட்டேன். 1977 இல் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் மூன்றாம் உறுப்பினராக வென்றது, 1978 இல் அமைச்சரானது, 1986 ஜனவரியில் பிரார்த்தனைப் போராட்டம் நடத்தியது எல்லாம் அதில் அடங்கும். 1986 இலும் 1988 இலும் வந்த சட்டங்களால் நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்கள் பிரஜைகளானார்கள். அந்த நன்றி மலையகத்தில் மாறாது, மாறவும் கூடாது. பறிக்கப்பட்ட வாக்கை நாற்பது ஆண்டு பொறுமையோடு மீட்டுத் தந்த தலைமை அது.

ஆனால் வாக்கு திரும்பி வந்த அதே ஆண்டுகளில் நாட்டின் தேர்தல் முறையும் மாறியிருந்தது. தொகுதிகள் போய் மாவட்டப் பட்டியல்கள் வந்தன. 13 ஆம் திருத்தத்தின் கீழ் 1988 இல் ஊவா மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது. மாகாண சபையானாலும் பாராளுமன்றமானாலும் இனி முதல் கேள்வி, பட்டியலில் யாருடைய பெயர் என்பதே. பட்டியலில் பெயர் எழுதுபவர்கள் கொழும்பில் இருந்தார்கள். அதுவும் சிறுபான்மைக் கட்சி பெரிய கட்சியோடு சேர்ந்து போட்டியிடும்போது, பதுளைக்கு இத்தனை பேர் என்று முதலில் பேரம் முடியும், பிறகு அந்த இடங்களுக்கு ஆள் நியமனமாகும். லயத்தில் இருந்தவர்கள் விருப்பு வாக்கு இலக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டார்கள். அந்த இலக்கத்துக்குரியவரைத் தெரிவு செய்யும் கூட்டத்துக்கு அவர்களை எவரும் அழைக்கவில்லை.

கோயிலடிக் கூட்டம் மெலியத் தொடங்கியது இந்தக் கட்டத்தில்தான் என்பது என் கணிப்பு. சங்கத்துக்குள் போடும் வாக்கைவிடப் பெட்டிக்குள் போடும் வாக்குப் பெரிதாகத் தெரிந்தது. மந்திரிப் பதவி வந்தது, அதன் வழியே வீதியும் கட்டடமும் வேலைவாய்ப்பும் வந்தன. தோட்டத் தலைவர் மெல்ல மெல்லக் கட்சியின் தேர்தல் முகவராக மாறினார். துரையிடம் கேள்வி கேட்கத் தெரிந்தவரைவிட, கூட்டத்துக்கு லொறி நிறைய ஆள் கொண்டுவரத் தெரிந்தவர் தலைவராவது எளிதாயிற்று.

1999 அக்டோபர் 30 இல் தொண்டமான் காலமானார். பேரன் ஆறுமுகன் தலைமையை ஏற்றார். 2020 மே 26 இல் ஆறுமுகன் திடீரென மறைந்தபோது, அடுத்த மாதமே அவருடைய மகன் ஜீவன் பொதுச் செயலாளரானார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறு. 2022 இல் அதே குடும்பத்துச் செந்தில் தொண்டமான் தலைவராகத் தெரிவானார். ஒரு வீட்டில் நாலு தலைமுறை. தெற்காசியாவில் இது புதிதில்லை. சேனநாயக்காக்களும் பண்டாரநாயக்காக்களும் நடத்திக் காட்டியதே. மலையகத்தின் மாற்று அணியும் இதற்குத் தப்பவில்லை. 1989 இல் பெ. சந்திரசேகரன் மலையக மக்கள் முன்னணியைத் தொடங்கியபோது, தலவாக்கலைப் பக்கத்து இளைஞர்கள் குடும்பத் தலைமைக்கு எதிரான குரலாக அதைக் கேட்டார்கள். 1994 இல் சந்திரிகா அரசாங்கம் அமைவதற்கு அவருடைய ஒற்றை ஆசனம் தேவைப்பட்டது. 2010 ஜனவரி முதலாம் திகதி அவர் மறைந்ததும் கட்சித் தலைமை துணைவியாரிடம் போயிற்று. பின்னரே வே. இராதாகிருஷ்ணனுக்கு வந்தது.

நுவரெலியாவில் இந்த வாரிசு முறை பெரிய உராய்வில்லாமல் நகர்ந்தது. உராய்வு தெரிந்தது ஊவாவில். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 2012 கணக்கெடுப்பில் பதுளை மாவட்ட மக்களில் மலையகத் தமிழர் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நுவரெலியாபோல ஒரு சங்கத்தின் செல்வாக்கு மட்டும் இங்கே ஆளை வெல்லவைக்காது. சிங்களக் கட்சிகளின் பட்டியலும் வேண்டும், பசறை, லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளைத் தோட்டங்களில் வீடு வீடாகத் தெரிந்த முகமும் வேண்டும். 1977 க்குப் பிறகு காமினி திஸாநாயக்கவின் தலைமையில் வேகமாக வளர்ந்த இலங்கைத் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இங்கே ஆழமாக வேர்விட்டது. கே. வேலாயுதம்போன்றோர் ஐக்கிய தேசியக் கட்சியின் வழியாகவே வளர்ந்தார்கள்.

ஆகவே பதுளையில் மேலெழுந்த ஒவ்வொருவரும் தன்னை ஏற்றிவிட்ட கட்சியோடு ஒரு கட்டத்தில் முட்டிக்கொள்ள நேர்ந்தது. வடிவேல் சுரேஷ் 2004 இல் காங்கிரஸ்காரராகப் பாராளுமன்றம் போனார், பிறகு அதைவிட்டு விலகினார். 2015 இல் ஐக்கிய தேசியக் கட்சிப் பட்டியலிலும் 2020 இல் ஐக்கிய மக்கள் சக்திப் பட்டியலிலும் வென்றார். அ. அரவிந்தகுமார் மலையக மக்கள் முன்னணிக்காரராக அந்த இரு தேர்தல்களிலும் வென்றவர். 2020 அக்டோபரில் 20 ஆவது திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்ததும் கட்சி அவரை ஒதுக்கியது. இவர்களைக் கட்சி தாவிகள் என்று திட்டுவது மிகச் சுலபம். அவர்களுடைய ஒவ்வொரு முடிவையும் நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பதுளையில் தெருத் தெருவாக உழைத்து ஆதரவு திரட்டிய ஒருவர் தன் கட்சிக்குள் உச்சிக்குப் போக ஒரு நேர்வழி இருந்திருந்தால், இத்தனை பேர் வாசலைத் தேடியிருப்பார்களா? மாவட்டத்திலிருந்து தலைமைக்கு ஏறும் படி உடைந்திருந்தது. உடைந்த படியில் நிற்பவர்கள் பக்கத்து வீட்டுக்குத் தாவினார்கள்.

செந்தில் தொண்டமானின் பாதை இதில் தனியானது. குடும்பத்தின் பெயரோடு வந்தாலும், அவர் அரசியல் செய்தது நுவரெலியாவில் அல்லாமல் ஊவாவில். மாகாண சபை உறுப்பினராகவும் மாகாண அமைச்சராகவும் இருந்தார். 2020 பொதுத்தேர்தலில் பொதுஜன பெரமுனப் பட்டியலில் பதுளையில் நின்று தோற்றார். இரண்டு ஆண்டுகளில் கட்சியின் தலைவரானார், 2023 மே மாதம் கிழக்கு மாகாண ஆளுநரானார். மாவட்டத்து மக்கள் தோற்கடித்த ஒருவரைக் கட்சியின் தேசிய சபை தலைவராக்கலாம். சட்டப்படி அதில் பிழையில்லை. தோல்விக்குப் பின் மீள்வது அரசியலில் இயல்பு. எனினும் பதுளையின் தீர்ப்பும் கட்சியின் தீர்ப்பும் எவ்வளவு தூரம் விலகி ஓடின என்பதை வரலாறு குறித்துவைக்க வேண்டும்.

மாகாண சபையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 செப்டெம்பர் 20 தேர்தலுக்கு முன்பு 34 ஆசனங்களில் பதுளைக்குரியவை 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டு, மொனராகலைக்கு 11 இலிருந்து 14 ஆகக் கூட்டப்பட்டன. தமிழ் வாக்காளர் செறிந்திருந்தது பதுளையில், ஆசனம் போனதும் பதுளையில். மஹிந்த ராஜபக்ஷவின் பெறாமகன் சஷீந்திர ராஜபக்ஷ மீண்டும் முதலமைச்சரானார். பாராளுமன்ற ஆசனத்தைத் துறந்து வந்து பெருந்தொகை விருப்பு வாக்கு வாங்கிய ஹரின் பெர்னாண்டோ எதிர்க்கட்சியில் அமர்ந்தார். 2015 ஜனவரியில் ஜனாதிபதி மாறினார். சபையில் ஆட்களும் பக்கம் மாறினார்கள், ஹரின் முதலமைச்சரானார். அவ்வாண்டிலேயே அவர் பாராளுமன்றம் போக, சாமர சம்பத் தசநாயக்க வந்தார். மக்கள் ஒருமுறை வாக்களித்தார்கள், மூன்று முதலமைச்சர்களைப் பெற்றார்கள். அந்தத் தேர்தல் முடிந்து நாற்பது நாள்கூட ஆகாத அக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. வாக்குக் கேட்டு எல்லாக் கட்சியின் மேடைகளும் ஏறியிறங்கிய மாவட்டம் அது. லய அறைகளிலிருந்து ஆபத்தில்லாத இடத்துக்கு அந்தக் குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்திருக்க எந்தத் தலைவரும் இருக்கவில்லை என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

2019 அக்டோபரில் ஊவா மாகாண சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. 2017 இல் தேர்தல் முறையை மாற்றக் கொண்டுவந்த சட்டம் எல்லை நிர்ணயத்தில் சிக்கிக் கிடக்க, ஆளுநர்களே மாகாணத்தை நடத்துகிறார்கள். மாவட்டத்துக்கும் கொழும்புக்கும் நடுவே இளம் ஆட்கள் பயின்று வளரக்கூடிய ஒரே களம் மூடிக் கிடக்கிறது.

இத்தனையிலும் பெண்களைப் பற்றி நான் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டது வேண்டுமென்றல்ல. கட்சிகள் அவர்களுக்குத் தந்த இடம் அவ்வளவுதான். கொழுந்து மலையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சந்தாவும் பெரும்பாலும் அவர்களுடைய கூலியிலிருந்து பிடிபட்டது. மாதர் சங்கத் தலைவி என்ற பதவி தோட்டத்தில் உண்டு, அதிலிருந்து மேலே ஏறுவதற்குத்தான் வழி இருக்கவில்லை. அனுஷியா சிவராஜா காங்கிரஸின் பொதுச் செயலாளராக இருந்தது ஒரு விதிவிலக்கு. மலையகத்துப் பெண் ஒருவர் மக்கள் வாக்கால் பாராளுமன்றம் போக 2024 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தேர்தலில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் தேசிய மக்கள் சக்திப் பட்டியலில் வென்றார்கள். பதுளையில் அதே பட்டியலில் கிட்ணன் செல்வராஜும் வென்றார். சங்கக் கட்சிகளின் பழைய பெயர்கள் அந்த மாவட்டத்தில் தோற்றன.

இதை வைத்துத் தேசிய மக்கள் சக்தி லயத்து மக்களுக்குத் தெரிவுரிமையைத் திருப்பித் தந்துவிட்டது என்று முடிவு கட்ட நான் தயாரில்லை. அந்தப் பட்டியலும் கொழும்பில்தான் எழுதப்பட்டது. அதன் முடிவுகள் எடுக்கப்படும் இடத்தில் ஊவாத் தோட்டத்துக் குரல் எவ்வளவு ஒலிக்கிறது என்பதைக் காலம் காட்ட வேண்டும். ஆனால் லுணுகலையிலும் பசறையிலும் வாக்களித்தவர்கள், சங்கம் எது என்பதையும் வேட்பாளர் யார் என்பதையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு சங்கத்துக்குச் சந்தா கட்டிக்கொண்டே வேறொரு கட்சிக்கு வாக்களிப்பதை இப்போது எவரும் துரோகமாக நினைப்பதில்லை.

சங்கங்கள் செய்யக்கூடிய காரியம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. தோட்டக் கமிட்டிக்கு ஆண்டுதோறும் இரகசிய வாக்கெடுப்பு, மாவட்டப் பிரதிநிதியை அந்தக் கமிட்டிகளே தெரிவு செய்வது, தேசிய சபையில் சந்தாக் கணக்கின்படி மாவட்டங்களுக்கும் பெண்களுக்கும் இடம். இவற்றில் எதற்கும் பாராளுமன்றத்தில் சட்டம் வேண்டியதில்லை. சங்கத்தின் யாப்பைத் திருத்தினால் போதும். அடாவத்தையிலோ ஹொப்டனிலோ கொழுந்து எடுக்கும் ஒரு பெண் கொட்டகலை மேடையில் தலைவர் பதவிக்குப் போட்டியிடலாம் என்ற நிலை அதனால் வரும். வெவஸ்ஸவில் 1940 இல் ஒரு தோட்டத்து மக்கள் செய்து காட்டியதைவிட இது பெரிய கோரிக்கை இல்லை.

சங்கத்துக்கு வெளியே இன்னொரு தடையும் இருந்தது: தோட்டக் கமிட்டி இருந்தும், பிரதேச சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க நீண்ட காலம் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு அதற்குக் குறுக்கே நின்றது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. லுணுகலைப் பிரதேச சபைக்கு வாக்களித்த மக்களின் லயத்து வீதிக்கு அந்தச் சபையால் ஒரு கல் போட முடியாமல் இருந்த அந்த ஆண்டுகளை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)